பி08 லூகர்: அரிய வகையா, யாரோ பின்னால் வெட்டியதா?

ஹூஸ்டன்_குமரன்:

வணக்கம். இங்கே ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் பழைய ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டது. முன் டாகிள் (மேலே முழங்கால் போல மடியும் பூட்டு) மேல் அதைச் செய்த டிடபிள்யூஎம் நிறுவனத்தின் பின்னல் எழுத்து. தோட்டா உட்காரும் அறைக்கு மேல் 1917, அதற்கும் மேலே 1920 என்று இன்னொரு முத்திரை. பிடியின் பின்புறம் ஸ்டாக் (தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை) மாட்டும் லக் இருக்கிறது. இதுவரை எல்லாம் வழக்கமான 9 மிமீ பி08தான், அதாவது ஜெர்மன் தரைப்படையின் மாடல்.

வியாபாரி காட்டிய விஷயம் வேறு. ரிசீவரின் (பேரலைத் தாங்கும் மேல்பாகம்) முன்விளிம்பில், பேரல் திருகப்படும் இடத்தருகே, கொஞ்சம் இரும்பு கடைந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இடது கிரிப் பலகையைக் கழற்றினால் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) ஒரு சிறு துளை. "எந்தப் புத்தகத்திலும் இல்லாத சோதனை வகை" என்கிறார். அதைச் சொல்லி வழக்கமான விலையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். படங்கள் இணைத்திருக்கிறேன். இந்த வெட்டும் துளையும் தொழிற்சாலையிலேயே நடந்தவையா?

பேர்ன்_வாசி:

தம்பி குமரன், படங்கள் எல்லாம் மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. வேலைத் தடம் தெரிய வேண்டுமென்றால் விளக்கைப் பக்கவாட்டில், மேற்பரப்போடு ஒட்டிய மாதிரிப் பிடித்து எடுக்க வேண்டும். சைட் பிளேட்டைக் (ட்ரிக்கர் இணைப்பை மூடும் பக்கத் தகடு) கழற்றி அதன் உட்புறம், சியர் பாரின் (சுடும் ஊசியைப் பிடித்து வைத்து விடும் கம்பி) வெளிமுகம், மேகசின் என்ற தோட்டாக்கூடு செல்லும் குழியின் உட்சுவர், பேரலின் அடிப்பக்கம், இந்த நாலும் வேண்டும். கழற்ற வியாபாரி சம்மதித்தால்தான்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். லூகரில் உண்மையான வகை மாற்றம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். 1906இல் பட்டை ஸ்பிரிங்கை விட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள், அதனால் பிடியின் உட்பக்கம் குடையும் விதம் மாறியது. 1913இல் பி08க்கு ஸ்டாக் லக் வந்தது, கடைசித் தோட்டா தீர்ந்ததும் டாகிளைத் திறந்தே நிறுத்தும் ஹோல்ட்-ஓபனும் வந்தது. 1916 வாக்கில் சியர் பாரில் ஒரு பள்ளம் வெட்டினார்கள், சேஃப்டி போட்டிருக்கும்போதே டாகிளை இழுக்க முடியவேண்டும் என்பதற்காக. உங்கள் வியாபாரியிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: இந்த வெட்டு எதற்கு?

கோவை_டூல்ரூம்:

நான் பிஸ்டல் எதையும் கையால் தொட்டதில்லை. மில்லிங்கும் கிரைண்டிங்கும்தான் பிழைப்பு. ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஃபிரேம் ஃபோர்ஜிங் செய்த முழு இரும்பிலிருந்து வெட்டி எடுத்தது. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனி ஃபிக்சரில் (பிடிக்கும் சாதனம்) பிடித்து, தனித்தனி கட்டரால் வெட்டியிருப்பார்கள். அதனால் ஒரு வெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குச் சின்ன படி இருக்கும். அந்தப் படி தொழிற்சாலை வேலையின் அடையாளம். எண்ட் மில்லால் வெட்டினால் அடிப்பரப்பில் வளைவு வளைவாகத் தடம் விழும். பக்கவாட்டுக் கட்டர் என்றால் ஒரே சீரான இணைகோடுகள். அரத்தால் ராவினால் கோடுகள் குறுக்கும் மறுக்கும் ஓடும், முக்கியமாக மூலைகள் மழுங்கிப்போகும். கையில் அரம் பிடிப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தட்டையான பரப்பின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சரித்துவிடுவான். அதை மறைக்கப் பஃபிங் போட்டால் இன்னும் மோசம், துளைகளின் வாய் கிண்ணம் மாதிரி அகலும்.

படம் 3இல் இருக்கும் வெட்டு கட்டரால் ஆனது என்றுதான் தோன்றுகிறது. உள்மூலையில் ஒரே அளவு ரேடியஸ். துளை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் வாயில் பிசிறு எடுத்த விதம் மற்ற துளைகளோடு ஒத்துப்போகவில்லை. வேறு நாள், வேறு கை.

அரிய_ஆயுதம்:

வியாபாரியை இவ்வளவு சந்தேகப்படத் தேவையில்லை. அந்த முன் வெட்டு எனக்குத் தெரியும். அது ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை) லூகரின் ரிசீவர். 200 மிமீ பேரல், 800 மீட்டர் வரை அளவு குறித்த சைட் உள்ள எல்பி08. பேரலைக் கழற்றிவிட்டுக் குட்டைப் பேரல் மாட்டியிருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு வெர்சாய் ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் இப்படி மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் அதுவே அரிய பொருள்தானே?

பேர்ன்_வாசி:

பாதி சரி. ஆர்ட்டிலரி மாடலின் சைட் பேரலின் பின்முனையில் உட்கார்கிறது. அதற்கு இடம் விடத்தான் ரிசீவர் முன்விளிம்பிலும் அதன் கீழே ஃபிரேமிலும் இரும்பைக் குறைத்தார்கள். ஆனால் போர்க்காலத்துச் சாதாரண 100 மிமீ பி08களிலும் இதே வெட்டைப் பார்க்கலாம். ஒரே ரிசீவரை இரண்டு மாடலுக்கும் எடுத்துக்கொள்வது ஆலைக்கு வசதி. ஆகவே வெட்டு இருப்பதை மட்டும் வைத்து "முன்னாள் ஆர்ட்டிலரி" என்று சொல்ல முடியாது, "சோதனை வகை" என்று சொல்லவே முடியாது.

பேரல் மாற்றப்பட்டதா என்பதற்கு வேறு சாட்சி உண்டு. பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் இரண்டின் மீதும் தொடர்ந்து ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். கோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். பேரலின் அடியில் முழு சீரியல் எண் இருக்கவேண்டும். அதோடு 8,82 அல்லது 8,83 மாதிரி ஓர் எண்ணும் இருக்கலாம். அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மன்காரர் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவர்.

கோவை_டூல்ரூம்:

1917இல், போருக்கு நடுவில், நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவை அளந்து பேரல் மேலேயே குத்திவைத்தார்களா! எங்கள் கடையில் இன்றைக்கும் ஆய்வு அறிக்கையில் எழுதத்தான் சண்டை.

மதுரை_மாணவன்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும் அண்ணா. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட எம்டன் கப்பல் மாலுமிகள் வைத்திருந்ததும் இந்த லூகர்தானா?

பேர்ன்_வாசி:

ஜெர்மன் கடற்படை தரைப்படையை முந்திக்கொண்டு 1904இலேயே லூகரை எடுத்தது. பி04 என்று பெயர். 150 மிமீ பேரல், பின் டாகிளில் 100, 200 மீட்டர் என இரண்டு நிலை சைட். தரைப்படை பி08ஐ ஏற்றது 1908 ஆகஸ்டில்தான். எம்டனில் எந்தத் துப்பாக்கி யார் இடுப்பில் இருந்தது என்ற விவரத்துக்கு நான் போகவில்லை.

ஆனால் நீ கேட்டது நல்லதாய்ப் போயிற்று. இந்த இழைக்குப் பொருத்தமான வெட்டு ஒன்று பி04இல்தான் இருக்கிறது. முதல் தொகுதி பி04களில் சேஃப்டி லீவரை மேலே தள்ளினால் பூட்டு விழும். பி08இல் கீழே தள்ளினால் பூட்டு. 1912இல் கடற்படையும் தரைப்படை வழக்கத்துக்கு வந்தது. பழைய பிஸ்டல்களை ஆயுதச்சாலைக்குக் கொண்டுபோய், லீவரை ஒட்டிப் புதிதாக ஓர் இடம் மில்லிங் செய்து, அங்கே "பூட்டப்பட்டது" எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லைக் குத்தினார்கள். பழைய பள்ளம் அப்படியே கிடக்கும். தெரியாதவன் அதைச் சேதம் என்பான். சேகரிப்பாளருக்கு அது மாற்றப்பட்ட முதல் தொகுதி. அந்தப் பழைய பள்ளம் இல்லாமல் புதியது மட்டும் இருந்தால் பின்னால் வந்த தொகுதி.

ஹூஸ்டன்_குமரன்:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியாபாரி நல்ல மனுஷர், அவரே கழற்றிக் காட்டினார். கண்டவை:

பேரல் அடியில் முழு எண், ரிசீவர் எண்ணோடு பொருந்துகிறது. 8,83 இருக்கிறது. கோடு நேராக இருக்கிறது. உள்ளே ஆறு பள்ளம். டாகிள் பாகங்கள், டேக்டவுன் லீவர் (பிஸ்டலைப் பிரிக்கத் திருப்பும் நெம்புகோல்), ட்ரிக்கர் எல்லாவற்றிலும் கடைசி இரண்டு இலக்கம் சரி. சைட் பிளேட்டிலும் சியர் பாரிலும் மட்டும் வேறு எண், இரண்டிலும் வேறு வேறு. சியர் பாரில் 1916 பள்ளம் இருக்கிறது.

மேகசின் குழிக்குள்ளே, ஃபிரேமின் உட்பக்கம், எல்லாமே கருநீலம். பேரலின் வாய் முகமும் அப்படியே. ட்ரிக்கர், சேஃப்டி லீவர், டேக்டவுன் லீவர், மேகசின் பட்டன் நாலும் மஞ்சள் கலந்த வைக்கோல் நிறம். வியாபாரி இந்த வைக்கோல் நிறத்தைத்தான் "தொட்டே பார்க்காத ஒரிஜினல்" என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

பேர்ன்_வாசி:

உள்ளே நீலம் என்றதும் எனக்கு விடை வந்துவிட்டது.

1917இல் டிடபிள்யூஎம் இரும்புக்கு நீலம் ஏற்றியது துரு முறையில். கரைசலை வெளிப்பரப்பில் பூசி, துருப்பிடிக்க வைத்து, கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். பூசிய இடத்தில் மட்டும் நீலம் வரும். ஃபிரேமின் உட்புறமும் மேகசின் குழியும் பேரல் வாயும் வெள்ளை இரும்பாகவே இருக்க வேண்டும். உப்புக் கரைசலில் முழுசாக முக்கி எடுக்கும் முறைக்கு, பிற்பாடு லூகர் செய்த மாவுசர் ஆலை மாறியது 1937இல். அதிலிருந்துதான் சின்னப் பாகங்களின் வைக்கோல் நிறமும் போய் எல்லாமே கறுப்பாயிற்று. ஆக, 1917 பிஸ்டலின் வயிறு நீலமாக இருந்தால் அது பின்னால் எங்கேயோ தொட்டியில் விழுந்து எழுந்திருக்கிறது. வைக்கோல் நிறம் அதற்கு அப்புறம் சேர்த்த ஒப்பனை. இரண்டும் ஒரே காலத்துப் பூச்சாக இருக்க வழியே இல்லை.

கோவை_டூல்ரூம்:

அந்த வைக்கோல் நிறம் பூச்சே இல்லை, பளபளப்பாகத் தேய்த்த இரும்பைச் சூடாக்கும்போது வரும் ஆக்சைடு நிறம். 220, 230 டிகிரி வாக்கில் வரும். கொஞ்சம் விட்டால் பழுப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். கேஸ் டார்ச் வைத்திருக்கும் யாரும் அரைமணி நேரத்தில் கொண்டுவரலாம். ட்ரிக்கரின் மெல்லிய நுனியும் தடித்த அடியும் ஒரே நிறமா, இல்லை நுனி மட்டும் கருத்திருக்கிறதா? டார்ச் என்றால் மெல்லிய பக்கம் முதலில் சூடேறி நிறம் முந்திவிடும்.

அப்புறம், இனி வெட்டின் மேல் நீலம் ஏறியிருக்கிறதா என்பதை வைத்து அந்த வெட்டின் வயதைக் கணிக்க முடியாது. முழுசாகப் பெயின்ட் அடித்த பழைய அம்பாசடரில் எந்த ஒடுக்கு முதலில் விழுந்தது என்று கேட்ட மாதிரி ஆகும். கட்டர் தடம்தான் மிச்சம்.

ஹூஸ்டன்_குமரன்:

ட்ரிக்கர் நுனி கொஞ்சம் ஊதாவாகத்தான் இருக்கிறது, நீங்கள் சொன்ன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரி, துளை?

பேர்ன்_வாசி:

அந்தத் துளைதான் எனக்குப் பிடித்தது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மன் போலீஸ் தங்கள் லூகர்களில் இரண்டு கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு செய்தது. ஒன்று, சைட் பிளேட்டைக் கழற்றினால் சியரைப் பூட்டிவிடும் ஒரு தகடு. லூகரில் ரிசீவரைத் தனியே கழற்றிய பிறகும், அறையில் தோட்டா இருந்து சியர் பாரை அழுத்தினால் வெடிக்கும், அந்த ஆபத்துக்குத்தான் இது. இன்னொன்று மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் கம்பி, இடது கிரிப் பலகைக்கு அடியில் பொருத்தியது. இந்த இரண்டாவதைப் பிற்காலத்தில் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். அதன் துளை மட்டும் கிரிப்புக்கு அடியில் மிஞ்சும்.

இப்போது எண் பொருந்தாத இரண்டு பாகத்தையும் பாருங்கள்: சைட் பிளேட், சியர் பார். போலீஸ் ஏற்பாடு தொட்ட பாகங்களில் அவை இரண்டும் உண்டு. யாரோ போலீஸ் சைட் பிளேட்டையும் சியர் பாரையும் எடுத்துவிட்டுச் சாதாரணப் பாகங்களைப் போட்டிருக்கிறார்கள். போலீஸ் பாகங்களைத் தனியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரிய_ஆயுதம்:

அப்படியென்றால் 1920 முத்திரை?

பேர்ன்_வாசி:

அது அரசுச் சொத்து என்று 1920இல் குத்தியது. போர் முடிந்து நாடு முழுக்க ஆயுதம் சிதறிக் கிடந்தது. எது அரசுடையது, எது தனியாருடையது என்று பிரிக்க இந்த ஆண்டைக் குத்தினார்கள். படையிலும் போலீசிலும் இருந்தவற்றில் பரவலாகக் காணலாம். அதனால் அறைக்கு மேல் இரண்டு ஆண்டு தெரியும். சேகரிப்பவர்கள் இதை இரட்டைத் தேதி என்பார்கள். இது குறையே இல்லை, உங்கள் பிஸ்டலின் கதையில் நேர்மையான பகுதி இதுதான்.

டிடபிள்யூஎம் 1917, 1920 முத்திரை, போலீஸ், பிறகு முழு முக்கல். ரிசீவரில் எக்ஸ் மாதிரிக் குறி இருக்கிறதா? இரண்டாம் போரில் சோவியத் கைப்பற்றிப் புதுப்பித்த துப்பாக்கிகளில் அது இருக்கும், அவையும் இப்படி உள்ளும் புறமும் நீலமாகவே இருக்கும்.

ஹூஸ்டன்_குமரன்:

எக்ஸ் இல்லை.

கோவை_டூல்ரூம்:

அப்போ எண்களின் ஓரத்தைப் பாருங்கள். பஞ்ச் அடித்தால் எழுத்தைச் சுற்றி இரும்பு மெல்ல மேலெழும்பும். விரல் வைத்துத் தடவினால் கூடத் தெரியும். பஃபிங் போட்டவன் முதலில் அழிப்பது அதைத்தான். முன் டாகிளில் இருக்கும் பின்னல் எழுத்தின் மெல்லிய கோடுகள் எவ்வளவு ஆழம் மிஞ்சியிருக்கின்றன என்று படம் 7இல் பார்த்தேன், எனக்குத் திருப்தி இல்லை. ரிசீவர் வலப்பக்கத்துக் கிரீடக் குறிகளும் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம். பஞ்சைச் சாய்த்து அடித்தாலும் அப்படி வரும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று குறியும் ஒரே பக்கமாகவா மெலியும்? சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள்.

மதுரை_மாணவன்:

ஒரே மாடலை வெவ்வேறு ஆலைகள் செய்தால் வேலைத் தரத்தைப் பார்த்து எது எந்த ஆலை என்று சொல்ல முடியுமா?

பேர்ன்_வாசி:

கொஞ்சம். எர்ஃபுர்ட் அரசு ஆயுதச்சாலை 1911இலிருந்து செய்தது. போரின் பிற்பகுதியில் அவர்கள் பாலிஷ் வேலையைச் சுருக்கிவிட்டார்கள், கட்டர் கோடுகள் நீலத்துக்கு அடியில் அப்பட்டமாகத் தெரியும். அதே நேரம் சின்னஞ்சிறு பாகத்தில் கூட ஆய்வாளரின் கிரீடக் குறியைக் குத்தாமல் விட மாட்டார்கள். வேலை முரடு, கணக்கு கறார். டிடபிள்யூஎம் அதே ஆண்டுகளிலும் பாலிஷைப் பெரிய அளவில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, 1918 எர்ஃபுர்ட் ஒன்று கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் நான் ஓர் அடி பின்வாங்குவேன். முரடாக இருப்பதுதான் அங்கே நல்ல அடையாளம்.

ஆனால் 1930இல் டிடபிள்யூஎம்மின் லூகர் இயந்திரங்கள் பெர்லினிலிருந்து ஓபர்ன்டார்ஃபில் மாவுசருக்குப் போய்விட்டன. அடுத்த சில ஆண்டு மாவுசர் செய்த பிஸ்டல்களிலும் பழைய பின்னல் எழுத்தே இருந்தது. அதே இயந்திரம், அதே ஃபிக்சர், அதே எழுத்து. அங்கே கட்டர் தடத்தை வைத்து ஆலையைச் சொல்கிறேன் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். பிற்பாடு மாவுசர் ஃபிரேமின் பின்முனையில், பின் அச்சு ஊசியை ஒட்டி, கூடுதல் இரும்பு விட்டுச் சின்னத் திமில் மாதிரி வைத்தது. அது வந்த பிறகுதான் பார்த்தவுடன் பிரிக்க முடியும்.

நான் இருக்கும் ஊரின் லூகரைப் பற்றியும் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. லூகரை முதலில் ஏற்ற நாடு சுவிட்சர்லாந்து, 1900இல். பிஸ்டல்கள் டிடபிள்யூஎம்மிலிருந்து வந்தன. போரில் அந்த வரவு நின்றதும் பேர்ன் அரசு ஆயுதச்சாலை 1918இலிருந்து தானே செய்தது. விலை கட்டுப்படியாகவில்லை. 1929 மாடலில் செலவைக் குறைக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்: பிடியின் முன்பக்க வளைவை நேர்கோடாக்கினார்கள், டாகிள் குமிழின் சொரசொரப்பு வெட்டை விட்டு வழுவழுப்பாகவே வைத்தார்கள், சேஃப்டி லீவரையும் தட்டையாக்கினார்கள். பிஸ்டலைப் பக்கவாட்டில் பார்த்தாலே எந்த மில்லிங் வேலையை மிச்சம் பிடித்தார்கள் என்று எண்ணிச் சொல்லலாம். இங்கே சுடும் மன்றத்தில் ஒரு பெரியவர் வைத்திருக்கிறார், பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நேர்ப் பிடி அழகாகத்தான் தெரிகிறது. ஜெர்மன் லூகர் பிரியர்கள் திட்டினால் திட்டட்டும்.

அரிய_ஆயுதம்:

1900 மாடல் டாகிள் குமிழில் ஒரு பகுதி குழிவாகக் கடைந்திருக்குமே, அதுவும் செலவுக்காகவா?

பேர்ன்_வாசி:

இல்லை. பழைய மாடலில் வலது குமிழில் டாகிள் துள்ளாமல் பிடிக்க ஒரு கொக்கி உண்டு. குமிழின் வடிவம் அந்தக் காலத்தது. 1906இல் அந்தக் கொக்கியை விட்டபோது குமிழும் முழுத் தட்டையாகி, சொரசொரப்பு முழுவதும் பரவியது. அமெரிக்க ராணுவம் 1901இல் சோதனைக்கு வாங்கிய 1,000 பிஸ்டல்களும் அந்தப் பழைய குமிழ்க்காரர்கள்தான். குமரன், உங்கள் பக்கம் அவை எப்போதாவது ஏலத்துக்கு வரும். அறைக்கு மேல் கழுகு இருக்கும்.

நெறியாளர்:

இந்தப் பிஸ்டல் என்ன விலை பெறும் என்று வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே விலை மதிப்பீடு வேண்டாம். அடையாளம் காண்பது வரை பேசலாம்.

ஹூஸ்டன்_குமரன்:

வியாபாரியிடம் துளை, இரண்டு எண், உள்நீலம் மூன்றையும் சொன்னேன். உள்நீலத்துக்கு முதலில் "ராணுவப் பணிமனை வேலை" என்றார். அப்படியென்றால் சின்னப் பாகங்கள் ஏன் கறுப்பாக இல்லை என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். "சோதனை வகை" அட்டையை எடுத்துவிட்டு "போலீஸ் பயன்பாடு, மறுநீலம்" என்று எழுதி வைத்திருக்கிறார், விலையையும் இறக்கினார். எனக்கு இப்போது அந்தப் போலீஸ் கதைக்காகவே வாங்கலாமா என்று ஆசை.

கூட வந்த மேகசின் பற்றி ஒரு கேள்வி. அடிக்கட்டை அலுமினியம், உடல் தகட்டின் பக்கத்தில் மடிப்பு எதுவும் தெரியவில்லை. 1917க்கு இது சரியா?

பேர்ன்_வாசி:

சரியில்லை. 1917 மேகசினுக்கு மரக்கட்டை அடி, உடல் தகட்டை மடித்துச் சேர்த்தது, மடிப்பு தெரியும். மடிப்பே இல்லாத உடல் பிற்காலத்தில் ஹேனல் ஆலை செய்த வகை. போலீஸ் கையில் இருந்த காலத்தில் மாற்றியிருக்க இடமுண்டு. அடிக்கட்டையில் பிஸ்டலின் எண்ணும் அதன் கீழே 1 அல்லது 2 என்றும் இருந்தால் அதோடேயே வாழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோவை_டூல்ரூம்:

மேகசின் படமும் போடுங்கள் சார், பக்கவாட்டு வெளிச்சத்தில். மடிப்பில்லாமல் அந்தக் காலத்தில் எப்படி இழுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.